பி பிளாக் பால்கனி

இல்லல்ல, உக்காருங்க தம்பி, எழுந்திருக்காதீங்க. நான் வழக்கமா உக்கார்ற ஜன்னல்தான், அதுக்காக? பஸ் சீட்டை யாரும் பட்டா போட்டு வாங்கல. இன்னிக்கு ஒரு நாள் நான் இந்த ஓரத்துலயே இருந்துக்கறேன்.

பிராட்வேயா? நல்லதாப் போச்சு, நானும் பிராட்வேதான். வேலையா? வேலை ஒண்ணும் இல்ல. போய் இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ல தாம்பரம் திரும்பிடுவேன். எங்கள மாதிரி வயசானவங்களுக்கு இலவசமா போக மாசாமாசம் டோக்கன் குடுக்கறாங்க இல்ல, அது தீர்ற வரைக்கும் டோக்கன், அப்புறம் டிக்கெட். பென்ஷன் வருது, எனக்கென்ன பெரிய செலவு?

என் பேரு தணிகாசலம். ரயில்வேல ரிசர்வேஷன் கவுண்டர்ல இருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் க்யூ. தீபாவளி சமயத்துல வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நிப்பாங்க. 'சார், கொஞ்சம் பாருங்க சார், ஒரே ஒரு பெர்த் சார்.' அவ்வளவு பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அப்பல்லாம் எப்படா ஷிஃப்ட் முடியும்னு இருக்கும்.

என்ன, அடிக்கடி போனை எடுத்துப் பாக்கறேனேன்னு பாக்கறீங்களா? இருக்கட்டும், எல்லாரும்தான் கேக்கறாங்க. பேங்க் செய்தியும் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல. இதோ பாருங்க. 'பக்கத்தில் இருப்பவர்கள்: 0.' பூஜ்யம். தாம்பரத்துலேர்ந்து பூஜ்யம்தான். இது ஒரு கதை தம்பி. கிண்டி வர்றதுக்குள்ள சொல்லிடுவேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு மழை பேஞ்சுதே, ஞாபகம் இருக்கா? எங்க அபார்ட்மெண்ட் முடிச்சூர்ப் பக்கம். மூணு பிளாக், ஏ, பி, சி, வரிசையா. நான் நடுவுல, பி பிளாக், ரெண்டாவது மாடி, மூலை வீடு. சுலோச்சனா, என் சம்சாரம், அவ போனப்புறம் தனியாத்தான் இருக்கேன். பொண்ணு புனேல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. மறந்துட்டான்னா திங்கக்கிழமை பண்ணுவா. வேலை அதிகம் பாவம்.

ஏரி நிரம்பி, காலைல எழுந்து பாக்கறேன், காரெல்லாம் மேல்பாகம் மட்டும் தெரியுது. கரண்ட் இல்ல. மத்தியானத்துக்குள்ள டவரும் போயிடுச்சு. போன் சும்மா டார்ச் லைட்டுக்குத்தான் ஆகும். பி பிளாக்காரங்க எல்லாம் முதல் நாளே சொந்தக்காரங்க வீட்டுக்குக் கிளம்பியாச்சு. எனக்கு எங்க போறது? இருந்துட்டேன்.

அப்பதான் ஷெரின்னு ஒரு பொண்ணு வந்துது. சி பிளாக்ல இருக்கு, கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. அதுவரைக்கும் கேட்ல பாத்தா லேசா தலைய ஆட்டும், அவ்வளவுதான் பழக்கம். அந்தப் பொண்ணு இடுப்பளவு தண்ணில நடந்து வந்து, மாடி ஏறி, என் கதவைத் தட்டிச்சு. தட்டற சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் புரியல தம்பி. அசோசியேஷன் பில்லைத் தவிர வேற எதுக்கும் அந்தக் கதவை யாரும் தட்டினதில்ல. அந்த பில்லையும் இப்பல்லாம் வாட்சப்புல போட்டுடறாங்க.

'அங்கிள், உங்க போனைக் குடுங்க'ன்னுது. குடுத்தேன். அதோட போன்லேர்ந்து என் போனுக்கு இந்த ஆப்பை ஏத்திச்சு. இதுக்கு டவரே வேண்டாமாம். ஒரு போன் பக்கத்துல இருக்கற போன்கிட்ட சொல்லும், அது அதுக்குப் பக்கத்துல இருக்கறதுகிட்ட சொல்லும், அப்படியே போகும்னு சொல்லிச்சு. எனக்கு எங்க புரியுது?

இருங்க, பின்னாடி ஒருத்தர் காசு நீட்டறாரு. குடுங்க சார், எங்க? கிண்டியா? அண்ணே, ஒரு கிண்டி, அப்படியே பாஸ் பண்ணுங்க. ஆங்.

இதேதான் தம்பி! இப்ப பாத்தீங்கல்ல, இதே விஷயம்தான். கண்டக்டர் அங்கயே உக்காந்திருக்காரு, அந்த ஆள் அங்க போக முடியாம நிக்கறாரு. காசு கை மாறிக் கை மாறிப் போகுது, டிக்கெட்டும் அதே வழியா திரும்பி வருது. நடுவுல ஒருத்தர் தூங்கிட்டாரா? பக்கத்துல இருக்கறவர் கை நீட்டுவாரு. வர்ற டிக்கெட் போன வழியாத்தான் வரணும்னு கூட இல்ல. போனும் அப்படித்தான் பண்ணுமாம். ஒரு போன் அணைஞ்சு போனா, அதுவே வேற வழி தேடிக்குமாம். வழியே இல்லன்னாலும் செய்தி செத்துப் போகாது அங்கிள், சேர வேண்டிய போன் பக்கத்துல வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அருமையான ஏற்பாடுன்னு நானும் தலைய ஆட்டினேன்.

என்ன பிரச்சனைன்னா, ஏ பிளாக்கும் சி பிளாக்கும் தூரம். போனுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. நடுவுல பி பிளாக் பூரா காலி, நான் ஒருத்தன்தான். 'அங்கிள், உங்க பால்கனிதான் ரெண்டு பக்கத்துக்கும் எட்டற இடம். போனை இந்தக் கம்பியில கட்டி வைங்க. எடுக்கவே எடுக்காதீங்க'ன்னு சொல்லி, ஒரு பவர்பேங்க்கும் குடுத்துட்டுப் போச்சு. ஆப்ல ஆளுக்கு ஒரு பேர் போடணும். அவசரத்துல எனக்கு 'பி பிளாக் பால்கனி'ன்னு போட்டுடுச்சு. நான் மாத்தல. பேர்ல என்ன இருக்கு?

அப்புறம் பாக்கணுமே! பாத்துக்கிட்டே இருக்கும்போது செய்தி வந்து கொட்டுது. ஏ பிளாக்ல ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், சி பிளாக்ல இருக்கற டாக்டரம்மா என்ன மருந்துன்னு பதில் சொல்றாங்க. ஒருத்தர்கிட்ட பால் பவுடர் இருக்கு, ஒருத்தர்கிட்ட மெழுகுவத்தி இருக்கு. எல்லாம் என் வழியாத்தான் தம்பி. 'பால்கனி ஆன்ல இருக்கா?' 'இருக்கு இருக்கு.' 'பால்கனி இருக்கற வரைக்கும் கவலை இல்ல.' அத்தனை வீட்லயும் என் பேச்சுதான். நான் பால்கனில சேரைப் போட்டு உக்காந்துட்டேன். தொடக்கூடாதுன்னு சொன்னதால போனைத் தொடல. மழைச் சாரல் படாம குடையைப் பிடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தேன்.

வெளிய சொல்லக்கூடாது, ஊரே மூழ்கிக் கிடக்குது. ஆனா அந்த ரெண்டு நாள் நான் சந்தோஷமா இருந்தேன்.

மூணாம் நாள்தான் வந்துது வினை. சி பிளாக் மொட்டை மாடில சாம்பார் சாதம் பண்றாங்க. செகரட்டரி கோவர்தன், பெரிய மனுஷன், செய்தி போடறாரு. 'ஏ பிளாக், சி பிளாக், வீட்டுக்கு எத்தனை பேர்னு சொல்லுங்க. வாட்ச்மேன் சின்னப்பையன் கொண்டு வந்து தருவார். பி பிளாக்ல யாரும் இல்லை, அங்கே வேண்டாம்.'

பி பிளாக்ல யாரும் இல்லையாம்! அந்தச் செய்திய ஏ பிளாக்குக்குக் கொண்டு போய்ச் சேத்தது யாரு? நான்தானே? என் கண்ணு முன்னாடியே போகுது தம்பி, 'பி பிளாக்ல யாரும் இல்லை'ன்னு.

என்னது? நானும் இருக்கேன்னு ஒரு வரி போட்டிருக்கலாமா? நீங்களும் என் பொண்ணு மாதிரியே கேக்கறீங்க. கேட்டு வாங்கித் திங்கறதா? நான் என்ன விருந்துக்கா அலையறேன்? வீட்ல பிரெட் இருந்துது. அவல் இருந்துது. சாப்பாடு விஷயமே இல்ல அது.

அணைச்சேன். ஆமா, போனை அவிழ்த்து, உள்ள கொண்டு வந்து, அணைச்சு அலமாரில வச்சேன். ரெண்டு பக்கமும் பேச்சு நிக்கட்டும், அப்ப தெரியும் பி பிளாக்ல யார் இருக்காங்கன்னு. நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஹால்ல பேப்பரெல்லாம் ஒழுங்கு பண்ணினேன். யாராவது மூச்சு வாங்க மாடி ஏறி வருவாங்க, 'சார், என்ன ஆச்சு சார், நீங்க நல்லா இருக்கீங்களா?'ன்னு கேப்பாங்க. முதல் தடவை தட்டினா தெறக்கறதில்ல, ரெண்டாவது தடவை தட்டினாத்தான்னு முடிவு கூட பண்ணி வச்சிருந்தேன்.

யாரும் வரல.

சாயங்காலம் ஆச்சு, வரல. கதவுகிட்டயே சேரை நகத்திப் போட்டு உக்காந்திருந்தேன். மறுநாள் காலைல மனசு கேக்காம ஆன் பண்ணிப் பாக்கறேன், மடமடன்னு வந்து விழுது. ஒரு செய்தி கூட நிக்கல தம்பி! நான் இல்லாத நேரத்துல எல்லாம் போயிருக்கு, எல்லாத்துக்கும் பதிலும் வந்திருக்கு. ஏ பிளாக்ல ஒரு அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்து போய், சி பிளாக்ல ஒருத்தர் வீட்லேர்ந்து குடுத்தனுப்பி, அவங்க போட்டுக்கிட்டு, 'கடவுள் மாதிரி'ன்னு நன்றி வேற. நல்ல விஷயம்தான், நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? ஆனா 'பால்கனி ஆஃப்ல இருக்கே'ன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுதல. தடங்கல் வந்திருந்தா வந்திருப்பாங்க. தடங்கலே வரலையே.

எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? சின்னப்பையன். அதான், எங்க வாட்ச்மேன். பேருதான் சின்னப்பையன், ஆளுக்கு என் வயசு இருக்கும். சொந்த ஊர் செங்கம் பக்கம். தினமும் காலைல பேப்பரை என் வாசல்ல வச்சுட்டுப் போவான், தட்ட மாட்டான். காலி வாட்டர் கேனெல்லாம் சேத்துக் கட்டி மிதவை மாதிரி பண்ணி, அதுல சாப்பாட்டை வச்சுத் தள்ளிக்கிட்டு பிளாக் பிளாக்கா போயிருக்கான். அவன் போன்லயும் ஷெரின் இந்த ஆப்பைப் போட்டிருந்துது. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மேல் பாக்கெட்ல வச்சிருந்தான். ஏ பிளாக்கு கிட்ட போறப்ப அங்க காத்துக்கிட்டிருக்கற செய்தியெல்லாம் அவன் போன்ல ஏறிக்கிட்டிருக்கு. சி பிளாக்கு கிட்ட வந்தா இறங்கிக்கிட்டிருக்கு. அவன் பாட்டுக்கு சாதம் குடுத்துக்கிட்டிருக்கான், செய்தி பாட்டுக்கு போய்க்கிட்டிருக்கு.

தண்ணி வடிஞ்சப்புறம் அசோசியேஷன்ல விழா எடுத்து அவனுக்கு சால்வை போட்டாங்க. இது நியாயமா, நீங்களே சொல்லுங்க. அவன் பாக்கெட்ல இருந்த போன்தானே கொண்டு போச்சு? அவன் என்ன பண்ணினான்? அவனுக்கே தெரியாது! அப்படிப் பாத்தா அந்த போனுக்குல்ல சால்வை போடணும்? எனக்கு சால்வை வேண்டாம் தம்பி, நான் வாங்காத சால்வையா, ரிட்டயர்மெண்ட்டுக்குப் போட்டது இன்னும் பீரோல இருக்கு. 'ரெண்டு நாள் தணிகாசலம் சாரும் உதவியா இருந்தார்'னு மைக்ல ஒரு வார்த்தை. சொல்லலையாம். நான் போகல, கேள்விப்பட்டேன். அன்னிக்குன்னு பாத்து வேணும்னே பஸ் ஏறி பீச்சுக்குப் போயிட்டேன்.

விழாவுக்கு முன்னாடி அவனைப் பாத்தேனாவா? முன்னாடியும் பாக்கல. அந்த மூணாம் நாள் சாயங்காலமே அவன் கிளம்பிட்டானாம். இங்க ஆத்தங்கரையோரம் அவன் இருந்த வீடும் மூழ்கிடுச்சு. எங்க எல்லாருக்கும் சோறு குடுத்து முடிச்சுட்டுத்தான் போயிருக்கான். அப்புறம் அசோசியேஷன்ல ஏஜென்சி ஆளை வச்சுட்டாங்க. விழாவுக்கு வந்து சால்வைய வாங்கிக்கிட்டு போனவன்தான்.

டவர் வந்துது. எல்லாரும் ஆப்பை அழிச்சுட்டாங்க. பேட்டரி சாப்பிடுதாம். நான் வச்சிருக்கேன். முதல்ல இருபது காட்டிக்கிட்டிருந்துது, அப்புறம் பத்து, அப்புறம் ஷெரின் மட்டும் கொஞ்ச நாள். கல்யாணமாகி அதுவும் பெங்களூர் போயிடுச்சு. பூஜ்யம். மாசக்கணக்கா பூஜ்யம். ஆனா திறந்து பாக்கறத நான் விடல. வீட்ல வேற என்ன இருக்கு பாக்கறதுக்கு?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு மாசம் முன்னாடி, இதே பஸ், நீங்க உக்காந்திருக்கற அதே ஜன்னல். சின்னமலை சிக்னல்ல நிக்கறோம். போனை எடுத்துப் பாக்கறேன், 'பக்கத்தில் இருப்பவர்கள்: 1.' தூக்கி வாரிப் போட்டுடுச்சு தம்பி. யாரோ ஒருத்தர், இந்த மெட்ராஸ்ல, என்னை மாதிரியே அழிக்காம வச்சிருக்காங்க! அதுக்கு மேல, ஏதோ வர்ற மாதிரி ஒரு வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கும்போது பச்சை விழுந்துடுச்சு, பஸ் எடுத்துட்டான், திரும்ப பூஜ்யம். சைதாப்பேட்டைல இறங்கி பாலத்து மேல நடந்தே திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, ஆபீஸ், எத்தனை கட்டடம்! போனைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டோரமா நடந்து பாத்தேன். கிடைக்கல. ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டாங்களோ என்னமோ.

அன்னிலேர்ந்து தினமும் வர்றேன். நாளைக்கு ஒரு தடவை போக, ஒரு தடவை வர. யாருன்னு தெரியல. என்ன அனுப்பினாங்கன்னும் தெரியல. தப்பா வேற யாருக்கோ வந்ததா கூட இருக்கலாம். பொண்ணுகிட்ட சொன்னேன், 'அப்பா, டாக்டரைப் பாருங்கப்பா'ங்கறா.

கிண்டி தாண்டியாச்சு. தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ஜன்னல்கிட்ட இருந்தாத்தான் நல்லா எட்டும். எழுந்திருக்க வேண்டாம், வேண்டாம், நடுவுல மாறினா இந்தக் கூட்டத்துல சிக்கிக்குவோம். உங்க போன்ல இந்த ஆப்பைப் போட்டுக்கறீங்களா? நெட் வேண்டாம், என் போன்லேர்ந்தே வந்துடும். காசு போகாது, நான் ஜவாப்தாரி. பேங்க் செய்தி வந்தாலே நான் தெறக்க மாட்டேன், நான் போய் உங்களுக்கு வில்லங்கம் பண்ணுவேனா? ஆங், சரின்னு அமுக்குங்க. மறுபடியும் சரி. பேர் கேக்குதா? எதையாவது போடுங்க.

பாருங்க! 'பக்கத்தில் இருப்பவர்கள்: 1.' நீங்கதான்! பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, இருந்தாலும் இதுல பாக்கறப்ப ஒரு இதுவாத்தான் இருக்கு. கொஞ்சம் அந்தக் கம்பியோரமா பிடிங்க. போதும் போதும், கை வெளிய நீட்டாதீங்க.

சின்னமலை. சிகப்புதான் விழுந்திருக்கு. இன்னிக்கு கூட்டமும் அதிகம், நிக்கட்டும் நல்லா.

தம்பி.

ரெண்டு. ரெண்டு காட்டுது! ஒண்ணு நீங்க, இன்னொண்ணு யாரு? எடுக்காதீங்க, அப்படியே வைங்க, அசையாதீங்க. உங்க போனுக்குத்தான் எட்டியிருக்கு, உங்க வழியாத்தான் எனக்கு வருது. வட்டம் சுத்துது. அப்பா டிரைவரு, கொஞ்சம் பொறுப்பா. வந்துடுச்சு. வந்துடுச்சு தம்பி. எனக்குத்தான். பேர் போட்டே வந்திருக்கு, பி பிளாக் பால்கனிக்கு.

சின்னப்பையன்.

இது பழசு. தேதியப் பாருங்க. அந்த மூணாம் நாள் சாயங்காலம். அவனுக்கு எழுத்துக் கூட்டி அடிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாது. 'சார் போன் ஆஃபா. சாப்டீங்களா. சாதம் எடுத்து வெச்சிருக்கேன். மேல வரவா.'

மேல வரவான்னு கேட்டிருக்காரு தம்பி. வீடு மூழ்கிக் கிடக்குது, கீழ தண்ணில நின்னுக்கிட்டு என்னைக் கேட்டிருக்காரு. நான் உள்ள கதவுகிட்ட சேரைப் போட்டு உக்காந்திருக்கேன். போன் அலமாரில கிடக்கு. அன்னிலேர்ந்து இது அவர் பாக்கெட்லயே இருந்திருக்கு, நான் பக்கத்துல வருவேன்னு.

ஐயோ, பச்சை விழுந்துடுச்சு. பஸ் எடுத்துட்டாரு. இருங்க, அடிச்சுடறேன். 'இன்னும் சாப்பிடல. வாங்க.' அனுப்பியாச்சு. போகல. ஒண்ணுதான் காட்டுது இப்ப, நீங்க மட்டும்தான்.

நம்பரா? நான் எந்தக் காலத்துல அவர்கிட்ட நம்பர் கேட்டேன்? கோவர்தனைக் கேட்டா கிடைக்கலாம், அத அப்புறம் பாத்துக்கலாம். அவர் இங்க ஏதோ ஒரு கேட்டுல இப்ப உக்காந்திருக்காரு. நான் சைதாப்பேட்டைல இறங்கி பாலத்து மேல நடந்து திரும்பிப் போறேன், ஒவ்வொரு கேட்டா பாக்கறேன். சார், கொஞ்சம் வழி விடுங்க, இறங்கணும்.

தம்பி, உங்க போனைப் பாருங்க, நான் அடிச்சது உங்களுதுலயும் ஏறியிருக்கும். அழிச்சுடாதீங்க. பேட்டரி கொஞ்சம் சாப்பிடும், பொறுத்துக்கங்க. சாயங்காலம் இதே வழியாத்தானே திரும்புவீங்க? சின்னமலை வர்றப்ப ஜன்னலோரமா உக்காருங்க.